ஒரே ராத்திரியில் உலர்ந்த ஒன்பது கஜம்

சித்திரக்குளத்துக்குப் பின்னால் இருக்கும் அந்த மூன்று மாடிக் கட்டிடத்தில் ஆறு குடித்தனம். தொண்ணூற்றேழாம் வருஷத்து ஐப்பசியில் ஆறு குடித்தனத்திலும் எதுவுமே உலரவில்லை. துவாலை உலரவில்லை, தலையணை உறை உலரவில்லை. அப்பளம் நமுத்தது. தீக்குச்சி கிழிபட்டதே தவிர எரியவில்லை. தீபாவளிக்கு முதல் நாள் பிடித்த மழை, தீபாவளி போய் ஒரு வாரம் ஆகியும் விட்ட பாடில்லை. இப்படி ஊரே சொதசொதவென்று கிடக்கையில், முதல் மாடி கஸ்தூரிரங்கன் வீட்டில் மட்டும் ஒரு புடவை, அதுவும் ஒன்பது கஜம், சாயங்காலம் தோய்த்துக் கொடியில் போட்டால் விடிவதற்குள் மொறுமொறுவென்று காய்ந்து தொங்கியது.

புடவை தன்னுடையதாக இருந்திருந்தால் சூடாமணி மாமி பெருமாள் கிருபை என்று சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருப்பாள். அது மருமகள் ஹம்சினியுடையது. அங்கேதான் வந்தது வினை.

சாதாரணப் புடவையாக இருந்தாலும் போனால் போகிறது. அது மடிப்புடவை. குளித்துவிட்டு, தோய்த்து, உத்தரத்திலிருந்து தொங்கும் மூங்கில் கொடியில் கோலால் தூக்கிப் போட்டு, யார் கையும் படாமல் உலர்ந்தால்தான் மடி. மறுநாள் குளித்தவர்கள்தான் அதைத் தொட்டு எடுத்து உடுத்தலாம். நடுவில் குளிக்காதவர் சுண்டுவிரல் பட்டாலும் போச்சு, விழுப்பு. மறுபடி நனைத்தால்தான் சமையலறைக்கு ஆகும். வெயில் காலத்தில் இதில் ஒரு கஷ்டமும் இல்லை. மழைக்காலத்தில் மாமியின் பருத்திப் புடவை மூன்று நாள் தொங்கும். மூன்றாம் நாளும் காளான் வாசனையோடுதான் இறங்கும். அந்தப் புடவைக்குப் பக்கத்திலேயே தொங்குகிற இன்னொரு புடவை மட்டும் பன்னிரண்டு மணி நேரத்தில் எப்படிக் காயும்? ஒரே கொடி, ஒரே கூரை, ஒரே ஈரக்காற்று.

யாரோ கை வைக்கிறார்கள் என்று மாமி தீர்மானம் பண்ணிவிட்டாள். அந்த வீட்டில் இருந்ததே மூன்று பேர். பிள்ளை வெங்கடரமணன் ஆபீஸ் வேலையாக பம்பாய் போய் மூன்று வாரமாகிறது. மாமா கஸ்தூரிரங்கன் தபால் இலாகாவில் ரிடையரான பிறகு பேப்பரைத் தவிர வேறெதையும் கையால் தொட்டதில்லை. மிச்சம் யார் என்று கணக்குப் போடப் பெரிய படிப்பு வேண்டாம்.

மற்ற வருஷமானால் இந்தச் சந்தேகத்தை ஊறுகாய் மாதிரி ஆற அமர ஊறப்போட்டு மாமி அனுபவித்திருப்பாள். இந்த வருஷம் நேரமில்லை. வளர்பிறை தசமியன்று மாமனாருடைய திவசம். அவர் போனதிலிருந்து இருபத்தொன்பது திவசத் தளிகையையும் மாமிதான் செய்திருக்கிறாள். முப்பதாவதற்குப் பத்து நாள் இருக்கும்போது துணி தோய்க்கிற கல்லுக்குப் பக்கத்தில் பாசி வழுக்கி விழுந்து, வலது மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மாவுக்கட்டு. அந்தக் கட்டின் மேல் தண்ணீர் படக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு. தண்ணீர் படாத கை எப்படி மடியாகும்? ஆக, ஒரு மாசத்துக்கு மாமி முழுநேர விழுப்பு. சமையலறை வாசற்படிக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து அதிகாரம் பண்ணலாம். ஒரு உளுந்தைத் தொட முடியாது.

திவசத்துக்குச் சமைக்க ஆள் போட்டுக்கொள்ளலாமே என்று மாமா மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். இருபத்தொன்பது வருஷம் வெளி மனுஷா கரண்டி பிடிக்காத வீடு என்று பதில் வந்தது. அப்புறம் அவர் பேப்பருக்குள் போய்விட்டார். ஹம்சினிதான் செய்வது என்று ஆயிற்று. அவள் கட்டிக்கொண்டு செய்யப்போவது அந்தப் புடவையை.

மாமனார் ஒன்றும் லேசுப்பட்டவர் இல்லை. உயிரோடு இருந்த காலத்திலேயே சாதத்தை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். ஒரு தடவை, விழுப்போடு யாரோ அடுப்பங்கரையில் எட்டிப் பார்த்தார்கள் என்று நாள் பூராவும் பட்டினி கிடந்தார். போன பிறகு மட்டும் குணம் மாறியிருக்குமா? மடியில்லாத கையால் சமைத்ததை அவருக்குப் போட்டால் அவர் தொடமாட்டார், வருஷத்துக்கு ஒரு வேளைச் சாப்பாடும் இல்லாமல் திரும்பிப் போவார் என்பதில் மாமிக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகமில்லாமல் அவள் நம்பியது அந்த ஒரு விஷயத்தைத்தான்.

துப்பறியும் வேலை இஸ்திரிப் பெட்டியிலிருந்து ஆரம்பித்தது. எல்லோரும் தூங்கின பிறகு ஹம்சினி புடவையை இறக்கி, தேய்த்து, திரும்பக் கொடியில் ஏற்றிவிடுகிறாள் என்பது மாமியின் முதல் கட்சி. இரண்டு நாள் இஸ்திரிப் பெட்டியைத் தன் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். இரண்டு நாளும் புடவை காய்ந்தது.

சரி, வெளியே கொடுக்கிறாளோ என்று கீழே கார் நிற்கிற இடத்தில் இஸ்திரி வண்டி போட்டிருக்கும் சின்னப்பையனிடம் போனாள். பேர்தான் சின்னப்பையன், பேரன் எடுத்தவர். நேராகக் கேட்டால் விஷயம் வெளியே போய்விடும் என்பதால், மழையில் தொழில் எப்படி, கரி கிடைக்கிறதா என்று சுற்றி வளைத்துவிட்டு, எங்காத்துப் புடவை ஏதாவது வந்ததா என்று முடித்தாள்.

"இன்னாம்மா நீ, கரியெல்லாம் நமுத்துப் போய்க் கீது. நாலு நாளா பொட்டியே பத்தவெக்கல. ஒம்போது கெஜத்த நான் எங்க வெச்சித் தேய்ப்பேன்?" என்றார் அவர்.

ஒன்பது கஜம் என்று மாமி சொல்லவே இல்லை. இவருக்கு எப்படித் தெரிந்தது? படியேறும்போது அது உறுத்தியது. மூன்றாவது படியில்தான், தான் முப்பது வருஷமாகக் கட்டிக்கொண்டு நிற்பதே ஒன்பது கஜம்தான் என்பது ஞாபகம் வந்தது.

அடுத்தது இரண்டாவது மாடி. அங்கே சந்திரிகா இருந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, புருஷன் ராம்குமாருக்குத் தியாகராய நகரில் ஜவுளிக்கடை. தீபாவளிக்கு அவர்கள் வீட்டில் வாஷிங் மெஷின் வந்து இறங்கியதை மாமி தன் ஜன்னலிலிருந்து கண்ணால் பார்த்திருந்தாள். துணியைப் பிழிந்து முக்கால்வாசி காயவைத்தே கொடுத்துவிடுமாம். ஹம்சினி தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் மாடிக்குப் போய்விட்டு வருகிறாள். வரும்போது முகத்தில் ஒரு திருப்தி. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? மடிப்புடவை, ஊரார் பேண்ட்டு சட்டையோடு ஒரே தொட்டியில் சுற்றுகிற காட்சி மாமியின் கண்ணில் நின்றது. அன்று அவளால் மோர்சாதம்கூட இறக்க முடியவில்லை.

தீபாவளிப் பட்சணம் வந்த எவர்சில்வர் டப்பாவைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் மாமி மாடியேறினாள். போனவள் நேரே பின்கட்டுப் பக்கம் பார்வையை விட்டாள். மெஷின் அட்டைப் பெட்டியைவிட்டு இன்னும் வெளியே வரவே இல்லை. அதன் தலையில் முறுக்கு டின் இரண்டு உட்கார்ந்திருந்தது.

"பைப்பு மாட்டணும்லா மாமி. கம்பெனி ஆளு மழை விட்டாத்தான் வருவேங்காரு" என்றாள் சந்திரிகா. சொல்லிக்கொண்டே ஒரு தட்டை நீட்டினாள். "பஜ்ஜி சூடா இருக்கு, எடுத்துக்கோங்க. ஹம்சினிக்கு வெங்காய பஜ்ஜின்னா உசுருல்லா, அதான் தினமும்..."

அதற்கு மேல் அவள் சொல்லவில்லை. மாமியின் முகம் அப்படி.

வந்த விஷயம் ஒன்று, கிடைத்த விஷயம் ஒன்று. வெங்காயமே வாங்காத வீட்டு மருமகள் தினசரி மாடியேறி வெங்காயம் சாப்பிடுகிறாள். நல்ல கனமான குற்றம்தான். ஆனால் அதை எடுத்துப் போட்டால், நீங்கள் எதற்கு மாடிக்குப் போனீர்கள் என்று எதிர்க்கேள்வி வரும். மாமி அதை முழுங்கிக்கொண்டு இறங்கி வந்தாள். திவசம் முடியட்டும்.

அன்றைக்கும் புடவை காய்ந்தது.

அந்த ஒரு வாரமும் ஒன்றை மட்டும் மாமி செய்யவில்லை. புடவையைத் தொடவில்லை. அடியில் நின்று அண்ணாந்து பார்த்தாள்; மின்விசிறியைப் போட்டு அது எவ்வளவு லேசாக ஆடுகிறது என்று பார்த்தாள்; கழுத்து வலிக்க முகர்ந்தும் பார்த்தாள். கை மட்டும் போகவில்லை. முப்பது வருஷத்துக் கட்டுப்பாடு அப்படி லேசில் விட்டுக்கொடுக்காது.

திவசத்தன்று விடியற்காலை ஐந்து மணிக்கு விட்டுக்கொடுத்தது.

ஹம்சினி குளியலறையில் இருந்தாள். மாமா இன்னும் எழுந்திருக்கவில்லை. வெளியே மழை தாரை தாரையாக ஊற்றியது. மாமி இன்னும் பல்கூடத் தேய்க்கவில்லை. புடவை எட்டுகிற உயரத்தில் முந்தானையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றது. இன்றைக்கு இதைக் கட்டிக்கொண்டுதான் அவள் அடுப்பு மூட்டப்போகிறாள், இப்போது தெரியாவிட்டால் இனி எப்போது தெரிந்து என்ன பிரயோஜனம் என்று தோன்றியதுதான் தாமதம், மாமியின் இடதுகை தானாக மேலே போய் முந்தானையைப் பிடித்து இழுத்தது. காய்ந்திருந்தது. கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். சூடு இல்லை. முகர்ந்தாள். சோப்பு வாசனை, மழை வாசனை, வேறொன்றும் இல்லை. துணிதான் கொஞ்சம் வழவழவென்று இருந்தது.

குளியலறைத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. அப்போதுதான் தன் கையில் என்ன இருக்கிறது என்பதே மாமிக்கு உறைத்தது. யார் கை படுகிறது என்று ஒரு வாரமாகக் காவல் இருந்தவள், குளிக்காத கையும் பல் தேய்க்காத வாயும் மாவுக்கட்டுமாக மடிப்புடவையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். புடவையை விட்டுவிட்டு, முழங்கால் வலியெல்லாம் மறந்து கூடத்துக்கு ஓடினாள்.

ஹம்சினி வருவதும், கோலால் புடவையை இறக்குவதும், அதை எடுத்துக்கொண்டு திரும்பக் குளியலறைக்குள் போவதும் சத்தத்திலேயே தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் பின்கட்டு வழியாகவே சமையலறைக்குள் போய் அடுப்பைப் பற்றவைத்தாள். மாமி கூடத்தில் கல்லாக உட்கார்ந்திருந்தாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. புடவையை நான் தொட்டுட்டேன், நனைச்சுக் கட்டிக்கோ என்றால் தீர்ந்தது. எதற்குத் தொட்டீர்கள் என்று அவள் கேட்பாளே? இஸ்திரிப் பெட்டி ஏன் பீரோவுக்குள் போனது, மாடிக்கு ஏன் ஏறினீர்கள் எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வருமே? பார்த்துக்கொள்ளலாம் என்று மாமி ஐந்து நிமிஷம் தள்ளிப்போட்டாள். ஐந்து நிமிஷத்தில் உளுந்து அரைக்கப் போய்விட்டது.

ஆறரை மணிக்கு நாற்காலியை வாசற்படிக்கு வெளியே போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். உள்ளே ஹம்சினி மடிசாரைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். புடவையில் ஒரு சுருக்கம் இல்லை. மாமி குறுக்கு வழி ஒன்று யோசித்தாள்.

"ஹம்சினி, உன் தோள்ல பல்லி விழுந்த மாதிரி இருந்தது. எதுக்கும் ஒரு தரம் தலைக்குக் குளிச்சுட்டு, புடவையையும் நனைச்சுக் கட்டிண்டு வந்துடேன்."

ஹம்சினி அண்ணாந்து உத்தரத்தைப் பார்த்தாள். பிறகு மாமியைப் பார்த்தாள். "பல்லியா? எதுவும் விழலையேம்மா" என்று சொல்லிவிட்டு வாழைக்காய்க்குத் திரும்பிவிட்டாள். அந்தப் பார்வை மாமிக்குப் பிடிக்கவில்லை. ரொம்ப நிதானமாக இருந்தது.

எட்டு மணிக்குப் பாகற்காய் ஆயிற்று, ஒன்பதுக்கு எள்ளுருண்டை. ஒவ்வொரு பாத்திரம் இறங்கும்போதும் மாமியின் கணக்கில் ஒன்று ஏறியது. இப்போது சொன்னால் இவ்வளவையும் கொட்ட வேண்டும். சற்றுமுன் சொல்லியிருந்தால் இதில் பாதி. ஐந்தரைக்குச் சொல்லியிருந்தால் ஒன்றுமே இல்லை. மாமா ஈர வேஷ்டியோடு கூடத்தில் தர்ப்பையை எண்ணி வைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் போனாள்.

"ஏன்னா, ஒரு தப்பு நடந்துபோச்சு, அதைச் சொன்னாத்தான் மத்தவாளுக்குத் தெரியும்னு வெச்சுக்கோங்கோ. சொல்லாம இருந்துட்டா?"

"யாரு பண்ணின தப்பு?"

"பொதுவாக் கேக்கறேன்."

"பொதுவா நீ எதையும் கேட்டதே இல்லையே, சூடா" என்றார் மாமா, தர்ப்பையிலிருந்து தலையைத் தூக்காமல்.

வாத்தியார் வராமல் போகட்டும் என்றுகூட மாமி ஒரு நிமிஷம் பெருமாளை வேண்டிக்கொண்டாள். திருவல்லிக்கேணியிலிருந்து வரவேண்டும், வழியெல்லாம் முழங்கால் தண்ணீர் என்று பேச்சு. டெலிபோன் வேறு இரண்டு நாளாகச் செத்துக் கிடந்தது. அவர் பதினொன்றரைக்கு, பஞ்சகச்சத்தை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, சாப்பிட உட்கார வேண்டிய இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு சரியாக வந்து நின்றார். மந்திரம் ஆரம்பித்தது. ஹோமப் புகை ஈரத்தில் மேலே போக மனசில்லாமல் கூடத்திலேயே சுற்றியது. மாமனார் பேரும், அவர் அப்பா பேரும், அவர் தாத்தா பேரும் ஒவ்வொன்றாகக் கூப்பிடப்பட்டன. மூன்று தலைமுறை வந்து உட்கார்ந்தாயிற்று. மூன்று பேரும் முகர்ந்து பார்க்கிறவர்களாகவே இருப்பார்கள் என்று மாமிக்குத் தோன்றியது.

"இலை போடலாமா, மாமி?" என்று வாத்தியார் குரல் கொடுத்தார்.

மாமி எழுந்து வாசற்படிக்குப் போனாள். உள்ளே கால் வைக்க முடியாது. நிலையைப் பிடித்துக்கொண்டு, வாத்தியார் காதில் விழாத குரலில் கூப்பிட்டாள். ஹம்சினி கரண்டியோடு கிட்டே வந்து, தொடாத தூரத்தில் நின்றாள்.

"கார்த்தால உன் புடவையை நான் தொட்டுட்டேன்."

ஹம்சினி கரண்டியை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"குளிக்கறதுக்கு முன்னாடி. முந்தானையைப் பிடிச்சு இழுத்துப் பாத்தேன். எப்படிக் காயறதுன்னு பாக்கத்தான்." மாமி கூடத்துப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "முப்பது வருஷத்துல இப்படி ஆனதில்லை. இப்ப இதை அவருக்கு எப்படிப் போடறது? நீயே சொல்லு."

"தெரியும்மா" என்றாள் ஹம்சினி.

"என்ன தெரியும்?"

"நான் ரெண்டு பக்கமும் சமமாத் தொங்கவிட்டிருந்தேன். வந்து பாத்தா முந்தானை ஒரு முழம் கீழ இறங்கியிருந்தது. அதனால நனைச்சுப் பிழிஞ்சு ஈரத்தோடதான் கட்டிண்டேன். அடுப்புகிட்ட நின்னதுல அரை மணியில உடம்போட காஞ்சுடுத்து." குரலை இன்னும் தாழ்த்தினாள். "இது பருத்தி இல்லைம்மா. பாலியெஸ்டர் கலந்தது. சந்திரிகா அக்கா கடையில வாங்கினேன். சொன்னா வேண்டாம்பேள்னு சொல்லலை."

பாலியெஸ்டர். ஒரு வாரத்து மர்மம் இந்த ஒரு சொல்லில் தீர்ந்துபோனது. மாமி அதைக் கவனிக்கக்கூட இல்லை. மற்ற நாளாக இருந்தால் இந்தச் சொல்லுக்கே வீடு இரண்டுபட்டிருக்கும். இப்போது அவள் மனசு முழுவதும் முதலில் சொன்னதிலேயே நின்றது. நனைத்தாளா? உண்மையாகவே நனைத்தாளா? முந்தானை இறங்கியிருந்தது என்கிறாளே, அது சரி, இழுத்தது இறங்கித்தான் இருக்கும். ஆனால் நான் சொன்ன பிறகல்லவா இவள் சொல்கிறாள். சமைத்தது வீணாகக் கூடாது, கிழவி மனசு உடையக் கூடாது என்று இந்த நிமிஷம் கற்பனை பண்ணிச் சொல்கிறாளோ? வெங்காய பஜ்ஜியை மறைத்தவள்தானே. பாலியெஸ்டரை மறைத்தவள்தானே. காலையில் குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டதா என்று யோசித்துப் பார்த்தாள். ஊர் பூராவும் தண்ணீர்ச் சத்தம். எதை எதிலிருந்து பிரிப்பது?

ஹம்சினியின் முகத்தைப் பார்த்தாள். புகையில் கண் சிவந்து, நெற்றியில் மாவு ஒட்டிக்கொண்டு, ஏழு மணி நேரம் நின்ற களைப்போடு இருந்தது. அதிலிருந்து எதையும் படிக்க முடியவில்லை.

"மாமி, நாழியாறது" என்றார் வாத்தியார்.

குளியலறை மாமிக்கு இரண்டு எட்டுத் தூரம்தான். கதவு பாதி திறந்திருந்தது. மடித் துணிக்கென்றே உள்ளே ஒரு சிறிய பித்தளை வாளி உண்டு. மாமாவுக்கு அது இருப்பதே தெரியாது. மடித் துணி நனைக்க மட்டும் அதை நிமிர்த்துவதும், அப்புறம் ராத்திரிதான் திரும்பக் கவிழ்ப்பதும் வழக்கம். நேற்று ராத்திரி ஹம்சினி அதைக் கவிழ்த்துவைத்ததை மாமி கண்ணால் பார்த்திருந்தாள். ஹம்சினி வெளியே வந்ததும் நேரே அடுப்புக்குப் போனவள், இன்னும் அந்தப் பக்கம் போகவில்லை. வாளி நிமிர்ந்திருந்தால் இவள் சொன்னது நிஜம். கவிழ்ந்திருந்தால் பொய். எட்டிப் பார்க்க ஒரு நொடி போதும்.

மாமி இரண்டு எட்டு நடந்தாள். ஹம்சினி கரண்டியைப் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். எதற்குப் போகிறாள் என்று அவளுக்கும் தெரிந்திருக்கும். வாளியின் சட்டம் அந்த வீட்டுப் பெண்கள் இரண்டு பேருக்குமே மனப்பாடம். தடுக்கவும் இல்லை, கூப்பிடவும் இல்லை.

பார்த்துவிட்டு, வாளி கவிழ்ந்திருந்தால்? மூன்று தலைமுறையை எழுந்து போகச் சொல்ல வேண்டும். நிமிர்ந்திருந்தால்? அப்போதும் இவள் கண்ணெதிரே, இவள் வார்த்தையை வாளியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதாக ஆகும்.

மாமி முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு, இடதுகையால் துழாவிக் குளியலறைக் கதவை இழுத்துச் சாத்தினாள். ஈரத்தில் ஊதிப்போயிருந்த கதவு ஒட்டாமல் அடம்பிடித்தது. தோளால் ஒரு இடி இடித்துத் தாழ்ப்பாளையும் போட்டாள்.

"இலை போடச் சொல்லுடி" என்றாள். "உளுந்து வடையை முதல்ல எடுத்துண்டு போ. ஆறினா அவருக்குப் பிடிக்காது."